வலது பக்கத்து பிரேக் விளக்கு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன் தம்பி, வண்டியைத் திரும்பக் கேட்டு நான் வரவில்லை. விற்றது விற்றதுதான். பாளையங்கோட்டையிலிருந்து தென்காசிக்கு பஸ் ஏறி, அங்கிருந்து ஆட்டோ பிடித்து, ஒரு கிழவி உங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். உங்கள் மனைவி முகத்திலேயே அது தெரிந்தது. அவர்களிடம் சொல்லிவிடுங்கள், பயப்பட வேண்டாம் என்று. உள்ளே எல்லாம் வேண்டாம். இந்த ஷெட்டிலேயே ஒரு நாற்காலி போட்டால் போதும். வண்டியைப் பார்த்த மாதிரியும் இருக்கும்.

நன்றாகத் துடைத்து வைத்திருக்கிறீர்கள். அப்பா இருந்தால் உங்களைத் தட்டிக்கொடுத்திருப்பார். டாக்டராக அவர் நோயாளிகளை எப்படிப் பார்த்தாரோ தெரியாது, வண்டியை நன்றாகப் பார்த்துக்கொண்டார்.

நான் வந்தது விளக்கு விஷயமாக. வலது பக்கத்து பிரேக் விளக்கு. அவசரப்படாதீர்கள், சொல்கிறேன்.

நீங்கள் முதல்முதலில் வண்டி பார்க்க வந்த அன்று எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக் குழம்பிப்போய் நின்றீர்கள். “வண்டி யார் பேர்ல இருக்கு?” என்று கேட்டீர்கள். “ரெண்டு பேர் பேர்லயும்” என்றேன். ஹில்டா உடனே சமையலறைப் பக்கம் திரும்பி, “முப்புடாதி, ரெண்டு பேர் பேர்லயும் இருக்குன்னு அந்தத் தம்பிகிட்ட சொல்லு” என்றாள். முப்புடாதி கரண்டியும் கையுமாக வெளியே வந்து, “ரெண்டு பேர் பேர்லயும் இருக்காம்யா” என்று உங்களிடம் சொன்னாள். ஒரே பதில் உங்களுக்கு மூன்று தடவை கிடைத்தது. நான் சொன்னதையேதான் ஹில்டாவும் சொன்னாள். ஆனால் என்னோடு சேர்ந்து சொன்னதாக இருந்துவிடக் கூடாது. அதுதான் ஹில்டா.

என் அக்கா. என்னைவிட நாலு வயது மூத்தவள். அத்தான் சீக்கிரமே போய்விட்டார். மகன் பிரேம் ஓசூரில் இருக்கிறான். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெண்கள் கல்லூரியில் இயற்பியல் நடத்தினேன். கீழ் வீடு அவளுக்கு, மாடி எனக்கு. சமையல் ஒன்று, முப்புடாதி இரண்டு பேருக்கும் பொது. கோயிலில் ஒரே பெஞ்சில்தான் உட்காருவோம், அவள் அந்த முனை, நான் இந்த முனை. நடுவில் யாராவது வந்து உட்கார்ந்துவிடுவார்கள். எட்டு வருஷமாக நாங்கள் பேசுவதில்லை.

சொத்துச் சண்டை என்று நினைக்காதீர்கள். இந்த வண்டிதான்.

அம்மாவுக்கு ஒருநாள் விடியற்காலையில் நெஞ்சு வலித்தது. ஹில்டா அம்மாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து பின் சீட்டில் உட்காரவைத்துவிட்டு, சாவியைத் திருப்பினாள். ‘டக்’ என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். மறுபடியும் திருப்பினாள். அந்த ‘டக்’கும் இல்லை. பேட்டரி செத்துக் கிடந்தது. அக்கம்பக்கத்தவர்கள் எல்லாரும் வாசலில் நிற்கிறார்கள். அவர்கள் முன்னால் ஹில்டா சொன்னாள்: “நேத்து வண்டி எடுத்தது இவதான். லைட்ட அணைக்காம எறங்கியிருப்பா. புத்தகத்துல கெடக்கவளுக்கு என்ன தெரியும்.”

முந்தின நாள் கோயிலில் அசன விருந்து. ஊர் முழுக்கச் சாப்பிட்ட அண்டா குண்டாவை எல்லாம் டிக்கியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கியது நான்தான். ஆனால் லைட்டை அணைத்தேன் தம்பி. அணைத்ததை என் விரல் இன்றைக்கும் சொல்லும். நானும் விடவில்லை. “பேட்டரிக்குத் தண்ணி ஊத்தறது யார் வேலை? அதைச் செய்யாம என்னைச் சொல்லுதியா?” என்று கேட்டேன். அம்மா பின் சீட்டில் உட்கார்ந்தபடி, “ஏட்டி, ரெண்டு பேரும் சும்மா இருங்கட்டி” என்றாள். பிறகு ஆட்டோ வந்தது. சாயங்காலத்துக்குள் அம்மா போய்விட்டாள்.

அடக்கம் முடிந்து வந்த பிறகு யார் முதலில் பேச வேண்டும் என்று ஒரு கேள்வி வந்தது. சொன்னது அவள். அவள்தானே பேச வேண்டும்? நான் காத்திருந்தேன். அவளும் காத்திருந்தாள் என்று முப்புடாதி சொல்கிறாள். எதற்காக அவள் காத்திருக்க வேண்டும்? எனக்குப் புரியவில்லை.

சரி, அது கிடக்கட்டும். போன தை மாதம் பிரேம் போன் செய்தான். “அம்மா, அங்க தனியா கெடந்து என்ன செய்யப் போறீங்க, இங்க வந்துருங்க” என்று. தனியாக என்கிறான். மாடியில் நான் ஒருத்தி இருப்பது கணக்கில்லை. வண்டியை விற்றுவிட்டு வருகிறேன் என்று ஹில்டா சொன்னாள். அது முப்புடாதி வழியாக எனக்கு வந்தது. பிறகு நீங்கள் வந்தீர்கள். விளக்கு எல்லாம் ஒழுங்காக எரிய வேண்டும், டெஸ்ட்டுக்குக் காட்டிப் பதிவைப் புதுப்பித்துக் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறேன் என்றீர்கள். ஆக, விளக்கு எரிந்தால் வண்டி போகும். வண்டி போனால் ஹில்டா போவாள். வீடு முழுவதும் எனக்கு. எட்டு வருஷமாக நான் ஜெபத்தில் கேட்டுக்கொண்டிருந்தது அதுதான். ஆகவே எவ்வளவு மும்முரமாக நான் வேலையில் இறங்கியிருப்பேன் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

முதலில் சமாதானபுரத்திலிருந்து ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டோம். அவன் பானட்டைத் திறந்தான், டிக்கியைத் திறந்தான், வயரைத் தொட்டுப் பார்த்தான். தொட்ட இடத்தில் மேல்தோல் பொடிப்பொடியாக உதிர்ந்தது. “மொத்த வயரிங்கையும் புடுங்கிப் போட்டுட்டுப் புதுசா இழுத்துரலாம்மா. ரெண்டே நாளு” என்றான். “வேண்டாம்” என்றேன். அதே நேரத்தில் வராந்தாவிலிருந்து ஹில்டாவும் “வேண்டாம்” என்றாள். அவன் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். இரண்டு நாளில் முடித்துவிடுவானாம்! அப்பா கையால் மாட்டிய வயர். அப்படிப் பிடுங்கி எறிய முடியுமா? நானே பார்த்துக்கொள்கிறேன் என்று முப்புடாதியிடம் சொல்லிவிட்டேன்.

ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்கள் ஆரம்பித்திருந்தன. காலையில் ஜெபம் முடித்து, போர்ட்டிகோவில் வெயில் ஏறுவதற்கு முன்னால் வேலை.

நோய் என்ன என்று கேளுங்கள். பிரேக்கை மிதித்தால் வலது பக்கத்து விளக்கு எரியாது. எரியாதது மட்டுமில்லை, அதற்குப் பதிலாக நம்பர் பிளேட் விளக்கு லேசாக மினுக்கும், தூங்கி எழுந்த பிள்ளை கண்ணைத் திறக்கிற மாதிரி. ஸ்டியரிங்கை வலது பக்கம் திருப்பினால் ஹாரன் தானாக அடிக்கும். அது இன்னொரு கதை.

இதைப் புரிந்துகொள்வது சுலபம். என் மாணவிகளுக்கு எப்படிச் சொல்வேனோ அப்படியே சொல்கிறேன். வீட்டில் ஒரு விளக்குக்கு இரண்டு வயர் போகும், போக ஒன்று, வர ஒன்று. வண்டியில் போவதற்கு மட்டும்தான் வயர். திரும்பி வருவதற்கு வண்டியின் உடம்புதான் வழி, அந்தத் தகரம்தான். அதைத்தான் எர்த் என்பார்கள். விளக்கு மாட்டியிருக்கும் இடத்தில் துரு ஏறினாலோ நட்டு தளர்ந்தாலோ அந்த வழி அடைந்துபோகும். அடைந்தால் மின்சாரம் சும்மா இருந்துவிடுமா? இருக்காது. பக்கத்து விளக்குக்குள் புகுந்து, அதன் வழியாகச் சுற்றிக்கொண்டு எப்படியாவது போய்ச் சேரும். அதனால்தான் மிதிப்பது பிரேக், எரிவது நம்பர் பிளேட். யாருக்கோ சொல்ல வேண்டியது யார் வழியாகவோ போகிறது. ரொம்ப அசட்டுத்தனமான ஏற்பாடு. கோளாறு எங்கே என்று தெரியாதவர்கள் நம்பர் பிளேட் விளக்கைக் கழற்றிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இதில் ஒரு சங்கடம். பிரேக் மிதி முன்னால் இருக்கிறது, விளக்கு பின்னால் இருக்கிறது. ஒருத்தர் மிதிக்க வேண்டும், ஒருத்தர் பார்க்க வேண்டும். முப்புடாதியை மிதிக்கச் சொன்னேன். அவள் பயந்து பயந்து கிளட்சை மிதித்தாள். அப்புறம் ஆக்சிலேட்டரை மிதித்தாள். கடைசியில் ஹில்டா வராந்தாவிலிருந்து இறங்கி வந்து, முப்புடாதியை எழுப்பிவிட்டு, சீட்டில் உட்கார்ந்தாள். நான் கூப்பிடவில்லை. தானாக வந்தாள். வேலை சீக்கிரம் முடிந்தால் சீக்கிரம் ஓசூருக்குப் போகலாம் இல்லையா, அதற்காக.

முப்புடாதி நடுவில் நின்றாள். “மிதிக்கச் சொல்லு.” “அக்கா, மிதிக்கணுமாம்.” “எரியுதான்னு கேளு.” “சின்னக்கா, எரியுதான்னு கேக்காவ.” “இல்லைன்னு சொல்லு.” “எரியலையாம்.” “இப்ப?” “இப்ப எரியுதாம், ஆனா எண்ணெ தீர்ந்த வெளக்கு கணக்கா இருக்காம்.” “நான் அப்படிச் சொல்லலையே!” “நான் பாத்தேன்லா சின்னக்கா, எனக்குக் கண்ணு இல்லையா?” இப்படியே ஒரு மணி நேரம். அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, “ரெண்டு பேரும் படிச்சவிய. நாலடி தூரத்துல இருக்கிய. எனக்கு அடுப்புல உலை கொதிக்குது” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

பிறகு என்ன செய்ய? நான் டிக்கி மூடியில் ஒரு தட்டு தட்டினேன், எரிகிறது என்று. எரியவில்லை என்றால் இரண்டு தட்டு. ஹில்டா ஒன்றும் முட்டாள் இல்லை, உடனே பிடித்துக்கொண்டாள். மறுநாள் மூன்று தட்டு சேர்ந்தது, ‘கொஞ்சம் இரு’ என்று. அவளுக்கு முட்டிவலி, மிதித்தே இருந்தால் கால் மரத்துப்போகும். கதவில் அவள் உள்ளேயிருந்து இரண்டு தட்டுத் தட்டினால் கால் மாற்றிக்கொள்ளப்போகிறாள் என்று அர்த்தம். நகத்தால் லேசாகச் சுரண்டினால் காபி வந்துவிட்டது. போகப்போக நீளமாக, குட்டையாக, அழுத்தமாக என்று பல தினுசு. ஒருநாள் நான் கையைச் சுட்டுக்கொண்டு, கத்தலை வாய்க்குள்ளேயே அடக்கிக்கொண்டேன். உள்ளேயிருந்து ஒரே ஒரு தட்டு வந்தது, கேள்வி கேட்கிற மாதிரி. ஒன்றுமில்லை என்று நானும் தட்டினேன்.

என்ன தம்பி சிரிக்கிறீர்கள்? அது பேச்சில்லை. சைகை. ரயில்வேயில் கொடி காட்டுகிறார்கள், அது பேச்சா?

ஹாரன் கோளாறை அவள்தான் கண்டுபிடித்தாள். ஸ்டியரிங் குழலுக்குள் போகிற வயர் தேய்ந்து, திருப்பும்போதெல்லாம் தகரத்தைத் தொட்டது. அங்கே ஒரு ரப்பர் துண்டைச் செருகினாள். சரியாகிவிட்டது. குருட்டு அதிர்ஷ்டம். ஆனால் நானும் விட்டுக்கொடுக்கவில்லை. அன்று சாயங்காலமே வலது பக்கத்து விளக்கைக் கழற்றி, உப்புத்தாளால் துருவைத் தேய்த்து, தகரம் வெள்ளி மாதிரி மின்னுகிறவரை தேய்த்து, நட்டை இறுக்கி மாட்டினேன். மறுநாள் காலையில் ஹில்டா மிதித்தாள். பளிச்சென்று எரிந்தது. ஒரு தட்டு தட்டினேன். வேலை முடிந்தது.

அடுத்த நாள் பார்த்தால் எரியவில்லை.

நட்டு தளர்ந்திருந்தது. சரி, நான்தான் சரியாக இறுக்கவில்லை என்று நினைத்து மறுபடி இறுக்கினேன். எரிந்தது. மறுநாள் காலையில் மறுபடியும் தளர்ந்திருக்கிறது. ஓடுகிற வண்டியில் அதிர்ச்சியில் நட்டு கழலும். போர்ட்டிகோவை விட்டு ஓர் அங்குலம் நகராத வண்டியில் எப்படிக் கழலும்? நான் சாக்பீஸ் எடுத்து, நட்டின் மேலும் தகரத்தின் மேலும் சேர்த்து ஒரு கோடு போட்டேன். காலையில் போய்ப் பார்த்தால் நட்டில் இருந்த கோடு ஒரு பக்கம் பார்க்கிறது, தகரத்தில் இருந்த கோடு வேறு பக்கம் பார்க்கிறது. ஹில்டா வெள்ளைச் சேலை கட்டியிருந்தாள். முந்தானையில் துருக்கறை.

புரிகிறதா? நான் இறுக்குவதை அவள் தளர்த்துகிறாள்!

எவ்வளவு வன்மம் பாருங்கள். இத்தனைக்கும் வண்டி சரியானால் போகப்போவது அவள்தான். பிரேம் இரண்டு தடவை டிக்கெட் எடுத்து இரண்டு தடவையும் ரத்து செய்தான். ஒரு தடவை அவளுக்குத் தலைச்சுற்றல், ஒரு தடவை ‘வண்டி வேலை இன்னும் முடியலையே’. தனக்கு நஷ்டமானாலும் பரவாயில்லை, இந்த வயலட் ஜெயித்தாள் என்று வந்துவிடக் கூடாது. அந்த ஒன்றுக்காகத் தன் பயணத்தையே தள்ளிப்போடுகிறாள் என்றால், அது என்ன மனசு!

கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்பதற்குப் பேச வேண்டும். அதுதான் அவளுக்கு வேண்டியது. நான் அந்த வலையில் விழவில்லை. ஒன்றும் தெரியாதவள் மாதிரி தினமும் காலையில் இறுக்கினேன். அவள் தினமும் தளர்த்தினாள். நடுவில் மற்ற விளக்குகளை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். சரியாக எரிகிற இடது பக்கத்தையும் கழற்றி மாட்டினோம், எதற்கும் இருக்கட்டும் என்று. பெரிய வியாழனும் வந்துவிட்டது. முப்புடாதி காபியைக் கொண்டுவந்து டிக்கி மேல் வைத்துவிட்டு, “இந்த வண்டிக்குச் சொகமாவ மனசில்ல” என்றாள். ஹில்டா மட்டும் சிரித்த மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகுதான் அது நடந்தது. இதைக் கவனமாகக் கேளுங்கள், இதுதான் முக்கியம்.

நட்டு சமாசாரத்துக்கு ஒரேயடியாக முடிவு கட்ட, விளக்கிலிருந்து தனியாக ஒரு வயர் இழுக்கலாம் என்று டிக்கியின் உள் அட்டையைக் கழற்றினேன். மூலையில் ஒரு சின்ன விளக்கு. டிக்கியைத் திறந்தால் எரிய வேண்டும், மூடினால் ஒரு பொத்தான் அமுங்கி அணைய வேண்டும். அப்படி ஒன்று இருப்பதையே நாங்கள் மறந்துபோயிருந்தோம். பல்பு கரிந்து கறுப்பாக இருந்தது. அதற்கு நேர் மேலே, டிக்கி மூடியின் உட்புறம், துணியில் வட்டமாக ஒரு பழுப்புத் தழும்பு. இஸ்திரிப் பெட்டியை மறந்து வைத்துவிட்டால் விழுமே, அப்படி.

பொத்தானை அமுக்கிப் பார்த்தேன். துருப்பிடித்து, முழுசாக அமுங்காமல் பாதியிலேயே சிக்கிக் கிடந்தது, வரவும் மாட்டேன் போகவும் மாட்டேன் என்று. புது பல்பு ஒன்றை மாட்டினேன். எரிந்தது. மூடியை மூடினேன். மூடிவிட்டால் உள்ளே எரிகிறதா இல்லையா என்று யாருக்குத் தெரியும்? அதனால் மின்சாரம் ஓடினால் முள் ஏறுகிற மீட்டர் ஒன்றைப் பேட்டரியில் மாட்டி, ஹில்டா பார்க்கும்படி முன்னால் வைத்தேன். சாவி இல்லை, எந்த விளக்கும் போடவில்லை. ஆனால் முள் மேலே நின்றது. பின்னால் வந்து டிக்கியைத் திறந்து பல்பைப் பிடுங்கினேன். முன்னாலிருந்து ஒரு தட்டும் வரவில்லை. முள் விழுந்ததா என்று நானே போய்ப் பார்த்தேன். விழுந்திருந்தது.

ஆக, அன்றைக்கு அசனப் பாத்திரத்தை இறக்கிவிட்டு டிக்கியை மூடியதிலிருந்து, மூடிய டிக்கிக்குள் அந்த விளக்கு ராமுழுக்க எரிந்திருக்கிறது. யார் மூடியிருந்தாலும் அணைந்திருக்காது. பேட்டரியில் எவ்வளவு தண்ணீர் ஊற்றியிருந்தாலும் தாங்கியிருக்காது. பேட்டரிக்கு மறுபடி சார்ஜ் ஏற்றிய கையோடு அந்த பல்பும் கரிந்துபோயிருக்கிறது. அதனால் வண்டி அதற்கப்புறம் ஒழுங்காக ஸ்டார்ட் ஆயிற்று. அதனால் பழி எங்கள் தலையிலேயே நின்றது.

ஹில்டா பின்னால் நடந்து வந்தாள். அந்தப் பழுப்பு வட்டத்தை விரலால் தடவினாள். ரொம்ப நேரம் தடவினாள். பிறகு, எட்டு வருஷத்துக்கு அப்புறம், முப்புடாதி இல்லாமல், என் முகத்தைப் பார்த்து, “அப்போ...” என்றாள்.

நான் காத்திருந்தேன். ‘அப்போ நீ இல்ல’ என்று சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தேன். அந்த ஒரு வார்த்தைதானே எனக்கு வேண்டும். அவளும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள், நான் என்னமோ சொல்ல வேண்டும் என்பதுபோல. நான் என்ன சொல்வது? நிரூபணம் ஆகிவிட்டது, லைட்டை அணைக்காதது நான் இல்லை. அதைச் சொல்ல வேண்டியவள் அவள். கொஞ்ச நேரம் கழித்து, “காபி ஆறுது” என்று யாரிடமோ சொல்கிற மாதிரி சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நீங்கள் கேட்பது புரிகிறது. அப்படியானால் தப்பு அவள் மேலும் இல்லைதானே என்கிறீர்கள். இல்லைதான். அது வேறு விஷயம். நாம் இப்போது பேசிக்கொண்டிருப்பது என்னைப் பற்றி.

அன்று மத்தியானமே நான் வேலையை முடித்தேன். விளக்கிலிருந்து நேராகப் பேட்டரிவரை தடித்த வயர், இரண்டு முனையிலும் ஈயம் வைத்துப் பற்றவைத்து, மேலே டேப் சுற்றி, நட்டுக்கு மேல் இன்னொரு நட்டு. இனி எந்த ஸ்பானரும் அதை ஒன்றும் செய்ய முடியாது. மறுநாள் காலையில் ஹில்டா வந்து உட்கார்ந்து மிதித்தாள். எரிந்தது. தட்டினேன். காலை எடுத்துவிட்டு மறுபடி மிதித்தாள். எரிந்தது. தட்டினேன். மறுபடியும். மறுபடியும். ஒழுங்காக எரிகிற விளக்கை எதற்கு அத்தனை தரம் மிதிப்பது? என்னை எரிச்சல்படுத்தத்தான். நான் ஒவ்வொரு தடவையும் தட்டினேன், நானும் லேசுப்பட்டவள் இல்லை. வெயில் எங்கள் மேல் ஏறுகிறவரை அப்படியே இருந்தோம்.

ஈஸ்டர் முடிந்து டெஸ்ட்டுக்குப் போனது, பாஸாயிற்று, நீங்கள் வந்து ஓட்டிக்கொண்டு போனீர்கள். அந்த வாரமே பிரேம் வந்தான். வாடகைக் காரில் பெட்டிகளை ஏற்றினான். ஹில்டா வாசல் கேட் பக்கத்தில் நின்றுகொண்டு முப்புடாதியிடம், “போயிட்டு வாரேன்னு சொல்லு” என்றாள். நான் அவளுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறேன். முப்புடாதி வாயைத் திறக்கவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நின்றாள். சம்பளம் வாங்குகிறவள், சொன்ன வேலையைச் செய்ய வேண்டாமா? “சரின்னு சொல்லு” என்று நானும் சொன்னேன். அதையும் அவள் சொல்லவில்லை. ஹில்டா காரைச் சுற்றிப் போய், பின்னால் நின்று, டிக்கி மேல் இரண்டு தட்டு தட்டிவிட்டு ஏறிக்கொண்டாள். சரியாக மூடியிருக்கிறதா என்று பார்த்திருப்பாள். பெட்டி விஷயத்தில் அவள் எப்போதும் ஜாக்கிரதை.

வீடு இப்போது முழுவதும் என்னுடையது. கீழ் வீட்டு ஜன்னல்களைத் திறந்து வைத்திருக்கிறேன், நல்ல காற்று. ரொம்ப நிம்மதி. போர்ட்டிகோவில் எண்ணெய்க்கறை மட்டும் இருக்கிறது, தேய்த்தும் போகவில்லை. காலையில் ஜெபம் முடிந்ததும் கொஞ்ச நேரம் அங்கே போய் நிற்பேன், பழக்க தோஷம். முப்புடாதி காபியைக் கொண்டுவந்து எங்கே வைப்பது என்று தெரியாமல் முழிப்பாள். சமையல் கொஞ்சமாகத்தான், ஆனாலும் அவளுக்கு வாய் ஓயவில்லை. “சின்னக்கா, போன் போட்டுப் பேசுங்க” என்கிறாள். யார் முதலில் பேச வேண்டும் என்பது அவளுக்கு எங்கே தெரியும்.

சரி. விளக்கு விஷயம்.

நீங்கள் சற்று முன் டீ சொல்லிவிட்டு வருகிறேன் என்று உள்ளே போனீர்கள் அல்லவா, அப்போது நான் டிக்கியைத் திறந்து பார்த்தேன். வலது பக்கத்து விளக்கு எரியவில்லை. எர்த் விட்டுப்போயிருக்கிறது. ஈயம் பற்றவைத்தது விடக் கூடாதுதான். ஆனால் விட்டுவிட்டது.

நேற்றுவரை எரிந்ததா? இருக்கலாம். இன்று எரியவில்லை. நீங்கள் வேண்டுமானால் போய் மிதியுங்கள், நான் பார்த்துச் சொல்கிறேன்.

தனியாக எப்படி மிதித்துக்கொண்டே பார்த்தேன் என்கிறீர்களா? தம்பி, நான் எத்தனையோ வருஷம் இயற்பியல் நடத்தியவள். எனக்குத் தெரியும். இந்தப் பையா? பையில் ஒன்றுமில்லை. கண்ணாடி, ஜெபப் புத்தகம், கட்டிங் பிளேயர். கட்டிங் பிளேயர் இல்லாமல் நான் வெளியே கிளம்புவதில்லை.

நீங்களே சரிசெய்துகொள்வதாகச் சொல்லாதீர்கள். இது வெளி ஆள் கை வைக்கிற வண்டி இல்லை. இதன் வயர் எது எங்கே போகிறது என்று தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். ஒருத்தர் மிதிக்க வேண்டும், ஒருத்தர் பார்க்க வேண்டும். நாலைந்து நாள் ஆகலாம். கூடவும் ஆகலாம். உங்கள் மனைவிக்குத் தொந்தரவு இருக்காது, நாங்கள் இந்த ஷெட்டோடு இருந்துகொள்வோம்.

ஓசூர் நம்பர் இதில் இருக்கிறது. நீங்கள்தான் போன் செய்ய வேண்டும், நான் செய்ய முடியாது, நாங்கள் பேசுவதில்லை. நான் இங்கே இருப்பதாகச் சொல்ல வேண்டாம். வயலட் போட்ட எர்த் சரியில்லை என்று சொல்லுங்கள். அப்படியே சொல்லுங்கள், நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன். வயலட்டுக்கு ஒன்றும் தெரியவில்லை, எல்லாம் புத்தகப் படிப்பு, பெரியக்கா வந்து பார்த்தால்தான் ஆகும் என்று சொல்லுங்கள். அதைக் கேட்டால் அடுத்த ரயிலிலேயே கிளம்பி வருவாள். என்னைக் குறை சொல்வதென்றால் அவளுக்கு அவ்வளவு ஆசை.

ஸ்பீக்கரில் போடுங்கள். நான் பேச மாட்டேன், சும்மா கேட்பேன்.

மணி போகிறதா?

எடுத்துவிட்டாள். அவள் குரல்தான். ஏன் தம்பி என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறீர்கள்? எரியவில்லை என்று சொல்லுங்கள்.